சின்னராசாவுக்குத் தண்ணீர் ஆகாது

மூன்றாம் வாய்க்கால் கொலனியில் சங்கத்துக்குத் தெரியாமல் ஒரு கோழி முட்டையிட்டால் அது ஒழுங்கீனமான முட்டை. யாழ்ப்பாணத்துக் காணிகள் பங்குபட்டுப் பங்குபட்டுப் பாய் விரிக்கவும் இடமில்லாமல் போனபின், அரசாங்கம் கொடுத்த காட்டை வெட்டி வயலாக்க வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. மலேரியாவுக்கும் யானைக்கும் தப்பி நிமிர்ந்தவுடன் அவர்கள் செய்த முதல் வேலை கிராம முன்னேற்றச் சங்கம் அமைத்ததுதான். கிணறு அதற்குப் பிறகுதான் வெட்டினார்கள். நம்மவர்களை நடுக்காட்டில் கொண்டுபோய் விட்டாலும் தலைவர், செயலாளர், பொருளாளர் இல்லாமல் தொண்டையில் சோறு இறங்காது.

தலைவர் பரமலிங்கம் மலாயா ரெயில்வேயில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். வன்னி வெயிலிலும் கோட்டுப் போட்டுத்தான் கூட்டத்துக்கு வருவார். ஒருமுறை யானைகள் வந்து வாழைகளைத் துவம்சம் செய்தபோது, அவர் தலைமையில் சங்கம் கூடி யானைகளுக்கு எதிராகக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தக் கிழமை ஏழு நாளும் யானை வரவில்லை. அடுத்த கிழமை வந்து மிச்சத்தையும் தின்றது. தீர்மானம் ஒரு கிழமைக்கு வேலை செய்தது என்பதைச் செயலாளர் தில்லைநாதன் மாஸ்ரர் அறிக்கையில் பெருமையோடு குறிப்பிட்டார்.

இப்பேர்ப்பட்ட சங்கத்தில் சின்னராசா ஒரு சாதாரண அங்கத்தவன். கூட்டத்துக்கு வருவான், பின் வரிசை வாங்குப் பலகையில் இருப்பான், கை தூக்கச் சொன்னால் தூக்குவான். மனைவி அன்னபாக்கியம், நடை பழகும் ஒரு பெண்குழந்தை, ஒரு துண்டு வயல், இவ்வளவும்தான் அவன் சம்பாத்தியம். வயல் அரசாங்கத்தின் பெர்மிற்றில் கிடைத்தது. பயிர் செய்யாமல் விட்டால் பெர்மிற்றைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். எடுத்தால் அவனுக்குத் தலைசாய்க்க வேறு இடமில்லை. அதனால் மாடாய் உழைத்தான்.

அவனுக்கு வலிப்பும் இருந்தது. மீசை முளைக்க முந்தியே வந்த வருத்தம். வருசத்தில் சில தடவை வரும், அடித்துப் போடும், போய்விடும். ஒரு பகல் தூங்கி எழும்பினால் பழையபடி மண்வெட்டி பிடிப்பான். கலியாணத்துக்கு முந்தியே அன்னபாக்கியத்திடம் அவன் மறைக்காமல் சொன்னான். "காச்சல்காரரும் விழத்தானே செய்யினம்" என்று அவள் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. கொலனியில் வேறு யாருக்கும் தெரியாது.

தெரியவந்தது சங்கத்தின் புது மண்டபம் திறந்த அன்று. அந்தப் பகுதிக்கான அரசாங்கக் காரியாதிகாரி ஜீப்பில் வந்து பிரதம விருந்தினராக இருந்தார். தேவாரம் பாடி, விளக்கேற்றி, தலைமையுரை தொடங்கி நெடுநேரமாகியிருந்தது. தலைவர் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ரெயில் விட்டுக்கொண்டிருந்தார். விடிய எழும்பித் தோரணம் கட்டி, வெறுவயிற்றோடு வந்திருந்த சின்னராசா, ரெயில் பாதி வழியில் நிற்கும்போது வாங்கோடு சரிந்து விழுந்தான்.

"ஆட்சேபனை இருந்தால் உரை முடிஞ்சபிறகு எழும்பிச் சொல்லவும்" என்றார் தலைவர்.

பிறகுதான் கை கால் இழுப்பதையும் வாயில் நுரை தள்ளுவதையும் சனம் கண்டது. வாசலால் போனவர்கள் சிலர், யன்னலால் போனவர்கள் பலர். நுரையை மிதித்தால் மிதித்தவனுக்கும் வரும் என்று யாரோ சொல்ல, மிதிக்காதவர்களும் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். "இரும்பு குடுங்கோ, கையிலை இரும்பு குடுங்கோ" என்று நாலு பக்கமும் சத்தம். வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வட்டவிதானை கனகலிங்கம், மதகைத் திறக்கும் பெரிய இரும்புத் திறப்பை எட்ட நின்று தடியால் தள்ளி அவன் கைக்குள் செருகினார். வலிப்பு தன் நேரத்துக்கு நின்றது. பெயர் இரும்புக்குப் போனது. விதானையார் அந்தத் திறப்பை மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத் தண்ணீரில் கழுவி, பிள்ளையார் கோயிலில் வைத்துப் பூசையும் செய்வித்தார்.

காரியாதிகாரி தேத்தண்ணி குடிக்காமலே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சுட்ட வடையெல்லாம் ஆறிக் கல்லாகிப் போயிற்று. ஈப்போவுக்கு ரெயில் கடைசிவரை போய்ச் சேரவேயில்லை. பரமலிங்கத்தார் இதையெல்லாம் மனதில் வைத்திருக்கிற ஆளில்லை. அதை அவரே பலரிடம் பல தடவை சொன்னார்.

சிறுபோக நெல்லில் களை பிடுங்கி முடிந்து, காய்ந்து கிடந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்தார்கள். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் சருகையும் புழுதியையும் வாரிக்கொண்டு நுரைத்துத்தான் வரும். குளம் கட்டிய காலந்தொட்டு அப்படித்தான் வருகிறது. அன்றைக்கும் அது சின்னராசாவின் வயலுக்குள் புகுந்து, வரம்பில் வெட்டிவிட்ட வெட்டுவாயால் அடுத்த வயலுக்குள் நுரையோடு இறங்கியது. வரம்பில் புல்லுச் செருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் அதைப் பார்த்தாள். பார்த்தவள் புல்லையும் கடகத்தையும் போட்டுவிட்டு ஓடினாள். மத்தியானத்துக்குள் சின்னராசாவின் வாய் நுரை வாய்க்கால் முழுக்கப் பரவிவிட்டது என்ற செய்தி கடைசி வயல்வரை போய்விட்டது. அடுத்த நாள் சங்கத்தின் விசேட பொதுக்கூட்டம் கூடியது.

"சபையோரே, ஆருக்கும் ஆரிலையும் கோபமில்லை" என்று பரமலிங்கத்தார் தொடங்கினார். "சின்னராசா எங்கடை பிள்ளை. எங்கடை பிள்ளை எண்டபடியாத்தான் அவனைக் கிட்ட எடுக்காமல் தூர வைச்சுப் பாதுகாக்கிறம். வலிப்புக்காரரை நெருப்புக்கும் தண்ணிக்கும் கிட்ட விடக்கூடாது. நான் மலாயாவிலை இருக்கேக்கை வெள்ளைக்கார டொக்டரே சொன்னவர். நெருப்பு அவன்ரை குசினி அடுப்பின்ரை அலுவல், அதிலை சங்கம் தலையிடாது. தண்ணி சங்கத்தின்ரை பொறுப்பு. தெரிஞ்சுகொண்டு ஒரு வலிப்புக்காரனுக்கு நாங்கள் தண்ணி விட்டால் அதுக்குப் பேர் கொலை."

சின்னராசா எழும்பினான். கூட்டத்தில் அவன் பேச எழும்பியது அதுதான் முதல் தடவை.

"ஐயா, தண்ணி எனக்கில்லையுங்கோ. நெல்லுக்கு."

"நெல் ஆரின்ரை?"

"என்ரைதானுங்கோ."

"பாத்தியளே" என்றார் தலைவர் சபையைப் பார்த்து. "தன்ரை வாயாலையே ஒப்புக்கொள்ளுறான்."

பெண்கள் பக்கத்திலிருந்து அன்னபாக்கியம் எழுந்தாள். "நான் தண்ணி கட்டுறன் ஐயா. அவரை வாய்க்கால் பக்கமே வர விடமாட்டன்."

"பிள்ளை, இருந்துகொள்ளும்" என்று தலைவர் மிக மரியாதையாகச் சொன்னார். "ஒரு குடும்பப் பொம்பிளையை மண்வெட்டியோடை வாய்க்காலுக்கு அனுப்புற அளவுக்கு எங்கடை சங்கம் இன்னும் தாழேல்லை."

அந்த நேரம் கொலனிப் பெண்களில் முக்கால்வாசிப்பேர் மண்வெட்டிப் பிடியில் காய்த்துப்போன கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

அடுத்ததாக, சின்னராசாவின் முறைத் தண்ணீரை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அது ஆபத்தான தண்ணீர் என்று தில்லைநாதன் மாஸ்ரர் எடுத்துக்காட்டினார். அதை ஏற்க யாராவது முன்வர வேண்டும். சபை தயங்கியது. பரமலிங்கத்தார் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, "வேறை ஒருத்தரும் இல்லையெண்டால், பொதுநலங்கருதி என்ரை வயலுக்கை விடுங்கோ. வாறது எனக்கு வரட்டும்" என்றார். தலைவரின் தியாகத்தைக் கண்டு சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய ஒருவர் வழிமொழிந்தார். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கும்படி மாஸ்ரர் கேட்டார். பழக்கதோஷத்தில் சின்னராசாவும் தூக்கினான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வெயில் ஏறத் தொடங்கியது. மற்ற வயல்கள் பச்சைப் பாயாய்க் கிடக்க, அவன் வயலில் நெல் நுனி சுருண்டது. அன்னபாக்கியம் பொதுக்கிணற்றிலிருந்து குடத்தால் அள்ளி ஊற்றிப் பார்த்தாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. மூன்றாம் நாள் கிணற்றடிப் பெண்கள் வாளிக் கயிற்றைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள். கோபமாக யாரும் எதுவும் சொல்லவில்லை. "குழந்தைகுட்டி இருக்கிற இடம், குறை நினையாதை" என்றுதான் சொன்னார்கள்.

"இஞ்சருங்கோ, இதுக்கு மருந்து இருக்காதே?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். அதுவரை வேப்பிலை, நூல், விபூதி என்று பார்த்ததே தவிர, ஆஸ்பத்திரிக்கு அவன் போனதில்லை. காலை பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனார்கள்.

அங்கே மருந்து கொடுத்த அப்போதிக்கரி கிறகோரி முல்லைத்தீவுக் கடற்கரைக்காரர். உரத்துப் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெள்ளைக் குளிசைகள் கொடுத்தார்.

"இது தொத்துற வருத்தமில்லை. மூளைக்குள்ளை வாற ஒரு குழப்பம், அவ்வளவுதான். குளிசையைப் போட்டால் கனபேருக்கு வராமலே நிக்கும். ஆனால் ஒண்டு கேள், ஒருநாளும் விடாதை. திடீரெண்டு விட்டால் முந்தினதிலும் மோசமா வரும்."

"வயல் செய்யலாமோ ஐயா?"

"வயல் செய்யாமல் என்னத்தைத் தின்னப்போறாய்? செய்."

கிறகோரி அதையே ஒரு கடதாசித் துண்டிலும் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னராசா பிள்ளையை மடியில் வைத்துப் பாட்டுப் படித்தான். அவன் பாடக் கேட்டு அன்னபாக்கியத்துக்கு எத்தனை காலம். அவனுக்கு அன்றைக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. பாவம், படித்தவர் எழுதிக் கொடுத்தால் படித்தவர் கேட்பார் என்று நினைத்துவிட்டான்.

துண்டைத் தில்லைநாதன் மாஸ்ரர் இரண்டு முறை வாசித்தார். "இது அப்போதிக்கரியாற்றை அபிப்பிராயம். சங்கம் தானே நேரிலை ஆராயவேணும்" என்றார். ஆராய்வதற்குத் தலைவர், செயலாளர், வட்டவிதானை மூவரும் அடங்கிய உபகுழு அமைக்கப்பட்டது.

உபகுழு ஒரு பின்னேரம் மண்டபத்தில் கூடியது. மூவரும் கதிரைகளில் இருந்தார்கள். எதிரே சின்னராசாவை ஒரு வாங்கில் இருத்தினார்கள். நுரை தெறிக்காத தூரத்தை விதானையார் அடிவைத்து அளந்து, சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்.

"சரி தம்பி, தொடங்கு" என்றார் தலைவர்.

"என்னத்தை ஐயா?"

"வருத்தத்தை. பாத்தால்தானே நாங்கள் ஒரு முடிவுக்கு வரலாம்."

சின்னராசா திகைத்தான். வருத்தம் தான் கூப்பிட்டு வருவதில்லை என்று சொன்னான். உபகுழு அவசரப்படவில்லை. தேத்தண்ணி வந்தது, வடை வந்தது. எந்த முகத்தோடு இருப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. சிரித்தால் ஏளனம், அழுதால் நடிப்பு. ஒருமுறை தும்மினான். மூவரும் கதிரையோடு பின்னுக்குப் போனார்கள். வெறும் தும்மல்தான் என்றானதும் மாஸ்ரர் ஏமாற்றத்தோடு பேனையை மூடினார். பொழுதுபடும் நேரத்தில் விதானையார் நித்திரையாகிவிட்டார்.

"உன்னட்டை ஒத்துழைப்புக் காணாது" என்றார் தலைவர். "ஒரு அரசாங்க உத்தியோகத்தர் வந்த மேடையிலை, கேளாமலே விழத் தெரிஞ்சுது. நாங்கள் மரியாதையாக் கேட்டால் வருகுதில்லை."

"குளிசை போடுறன் ஐயா. அதாலைதான் வரேல்லை. இனி வராது எண்டுதான் காட்ட வந்தனான்."

மாஸ்ரர் நிமிர்ந்தார். அவருக்கு இப்போதுதான் விசயம் பிடிபட்டது. "அப்ப குளிசை வருத்தத்தை ஒளிச்சு வைச்சிருக்கு. வெளியிலை நிக்கிற கள்ளனைப் பிடிக்கலாம், ஒளிச்சு நிக்கிறவனை என்னெண்டு பிடிக்கிறது? வராமல் இருக்கிற வலிப்புத்தான் ஆபத்து."

உபகுழு தீர ஆலோசித்தது. சின்னராசா ஒரு கிழமைக்குக் குளிசையை நிறுத்த வேண்டும். அதன்பிறகு வந்து வாங்கில் இருக்க வேண்டும். வலிப்பு வந்தால், இன்னும் இருக்கிறது என்று தெரியும். வராவிட்டால், அன்றைக்கு மண்டபத்தில் விழுந்தது தலைமையுரையைக் குழப்பும் நாடகம் என்று தெரியும். எது தெரிந்தாலும் அதன்பின் தண்ணீர் விடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

"விடாதேங்கோ" என்று அன்னபாக்கியம் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். "அந்த ஐயா எவ்வளவு சொன்னவர். அவங்கள் தண்ணி விடமாட்டாங்கள். உங்களுக்கு ஏன் இன்னும் விளங்கேல்லை?"

"யோசிக்கலாம் எண்டெல்லோ சொன்னவை."

அவன் வயலைப் பார்த்தான். நெல் கதிர் கருக்கட்டிக் குடலை தள்ளும் பருவம். இந்தக் கிழமை தண்ணீர் கண்டால் பாதியாவது தப்பும், அடுத்த கிழமை என்றால் வைக்கோலும் மிஞ்சாது. சாகப்போகிறவன் வைக்கோல் துரும்பைப் பிடிப்பது போலத்தான் அவன் அந்த 'யோசிக்கலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டான். குளிசையை நிறுத்தினான்.

கிழமை முடியவில்லை. ஒரு காலையில், தன் வயலுக்கு வரும் கிளைவாய்க்காலில் அடைத்து வளர்ந்திருந்த செடிகளைச் செருக்கித் துப்புரவாக்கினான். தண்ணீர் விட முடிவெடுத்தால் தடையில்லாமல் வரவேண்டும் என்று நினைத்தான். அங்கேயே வலிப்பு வந்தது. அப்போதிக்கரி சொன்னபடியே முந்தினதிலும் மோசமாக வந்தது. காய்ந்த வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தான்.

சனம் கூடிற்று. வரம்பின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை. இறங்கவில்லை என்பதற்காக இரக்கமில்லாதவர்கள் என்று சொல்லக்கூடாது. கையில் கிடைத்த இரும்பையெல்லாம் மேலே நின்றபடியே அவன் கைக்குக் குறிபார்த்து எறிந்தார்கள். விழுந்ததில் அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. நெற்றியில் ஏற்பட்ட வெட்டு உதவியால் வந்தது. எங்கோ விறகு பொறுக்கிக்கொண்டிருந்த அன்னபாக்கியம் ஓடிவந்து உள்ளே குதித்து, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, இரத்தத்தைச் சீலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்தபின்தான் எறிவது நின்றது.

பரமலிங்கத்தார் வந்து வாய்க்காலை எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி எல்லாருக்கும் காட்டினார். மண் புழுதியாகப் பறந்தது.

"ஈரமிருக்கோ? ஒரு சொட்டு இருக்கோ?" அவர் கையைத் தட்டி உதறினார். "இதுக்கை தண்ணி ஓடியிருந்தால் இந்தப் பிள்ளை இண்டைக்குப் பிணம். இவன்ரை உயிரைக் காப்பாத்தினது ஆர்?"

உபகுழு மறுபடி கூடத் தேவையில்லாமல் போயிற்று. சங்கம் தொடங்கிய காலந்தொட்டு இவ்வளவு தெளிவாக வெற்றிபெற்ற தீர்மானம் வேறில்லை. அதைக் கொண்டாட ஒரு பாராட்டுக்கூட்டம் வைப்பதென்றும், காணி உத்தியோகத்தரைப் பிரதம விருந்தினராக அழைப்பதென்றும் முடிவாயிற்று. ஏற்பாடுகள் நடந்து முடிவதற்குள் சின்னராசாவின் வயல் நெருப்பு வைத்தது மாதிரிக் கருகிப்போனது.

காணி உத்தியோகத்தர் பாராட்டுக்கூட்டத்தன்று காலையே வந்து வயல்களைச் சுற்றிப் பார்த்தார். சின்னராசாவின் வரம்பில் நின்று சப்பாத்து நுனியால் ஒரு பயிரைத் தட்டினார். அது பொடியாகியது.

"ஏன் இப்பிடிக் கருக விட்டனீர்?"

"தண்ணி இல்லையுங்கோ."

உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வயல் பச்சை. அதற்கப்பால் பரமலிங்கத்தாரின் வயலில் தண்ணீர் வரம்பு தளும்ப நின்றது.

"குளம் நிறையத் தண்ணி. ஊர் முழுக்கத் தண்ணி. உமக்கு மட்டும் இல்லையோ? அக்கறையில்லாதவைக்கு அரசாங்கம் காணி குடுக்கிறேல்லை. அறுவடைக்குப் பிறகு பெர்மிற் ரத்தாகும். வேறை இடம் பாரும்."

பின்னேரம் மண்டபம் நிறைந்தது. நெற்றியில் கட்டோடு சின்னராசாவை முதன்முறையாக மேடையில், சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால், தனிக் கதிரையில் இருத்தினார்கள். குளிசையை அவன் மறுபடி போடத் தொடங்கியிருந்தான். அன்னபாக்கியம் பிள்ளையோடு கீழே இருந்தாள். அவளைச் சுற்றி நாலு பக்கமும் வாங்குகள் வெறுமையாக இருந்தன.

பரமலிங்கத்தார் நெடுநேரம் பேசினார். "ஒரு சிலர் குறை சொல்லக்கூடும், சங்கம் பயிரைப் பாக்கேல்லை எண்டு. ஓம், பாக்கேல்லைத்தான். நாங்கள் உயிரைப் பாத்தனாங்கள். இண்டைக்குக் காணி உத்தியோகத்தர் ஐயா எடுத்த முடிவையும் நான் வரவேற்கிறன். காணி இருந்தால்தானே வாய்க்கால், வாய்க்கால் இருந்தால்தானே தண்ணி. இனி இந்தப் பிள்ளைக்குத் தண்ணியாலை ஒருநாளும் ஆபத்து வராது. சங்கம் எடுத்த வேலையை முடிச்சுப்போட்டுது."

கைதட்டல் ஓய்ந்ததும், காப்பாற்றப்பட்டவர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று மாஸ்ரர் அறிவித்தார். சின்னராசா எழுந்து நின்றான். சபையைக் கும்பிட்டான்.

"ஐயா சொன்னது சரி. வாய்க்காலிலை தண்ணி இருந்திருந்தால் நான் செத்திருப்பன்."

எல்லாரும் கைதட்டினார்கள். அவன் காத்திருந்தான்.

"நான் செத்திருந்தால் பெர்மிற் இவளின்ரை பேருக்கு மாறியிருக்கும். இவளுக்கு வலிப்பில்லை. தாலியறுத்தவள் எண்டு இரங்கித் தண்ணியும் விட்டிருப்பியள். இந்த ஒருக்கால் எண்டாலும் நெல் விளைஞ்சிருக்கும். பிள்ளை இந்த மண்ணிலையே வளந்திருக்கும்." அவன் கோபமாகப் பேசவில்லை. நெடுநாள் விளங்காத ஒன்று இப்போதுதான் விளங்கியவன் போலச் சொன்னான். "நீங்கள் என்னைக் காப்பாத்தாமல் விட்டிருக்கலாம்."

அவன் கதிரையில் இருந்தான். கைதட்டுவதா இல்லையா என்று தெரியாமல் சபை தலைவரைப் பார்த்தது. தலைவர் தட்டினார். சபையும் தட்டியது. தேத்தண்ணி எடுத்துவரும்படி மாஸ்ரர் கைகாட்டினார்.

அன்னபாக்கியம் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள். மனுசன் சொன்னதில் எங்காவது ஒரு பிழை இருக்காதா என்று தேடினாள். ஒவ்வொரு சொல்லாகத் திரும்பத் திரும்பத் தேடினாள். கிடைக்கவில்லை.